ஹண்டருக்கு ஒரு காவல்காரன்

ஹண்டரின் மூக்கில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

வாலில் இரண்டு. இறக்கையில் எத்தனை என்று எண்ண லுஜைனுக்கு நேரமில்லை. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"போ! போ! எல்லாம் கிளம்பு!"

புறாக்கள் எழும்பின. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றின. மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. மூக்கில் இருந்தது மட்டும் கிளம்பும்போது ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது. கரும்பச்சைப் பெயின்ட்டின் மேல் வெள்ளையாக ஒரு வட்டம்.

அப்பா ஏணியில் நின்று ஈரத் துணியால் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது. திரும்பிப் பாத்தா புதுசா போட்டிருக்கு. நான் துடைக்கிற வேகம் அதுங்க வேகத்துக்கு ஈடு குடுக்கல."

ஹண்டர் ஒரு பழைய போர் விமானம். அம்மான் நகரத்தில், இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு விமானத்தளத்தின் ஓரத்தில், சிறிய அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிற்கிறது. அது கடைசியாகப் பறந்தபோது லுஜைனின் அப்பாவே பிறந்திருக்கவில்லை. பிறகு பல வருடங்கள் சக்கரமில்லாமல், முள்செடிக்கு நடுவில் குப்புறக் கிடந்தது.

அதை நிமிர்த்தியவர்கள் அப்பாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும்தான். பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் இன்னொரு பெயின்ட். அதற்கும் அடியில் இன்னொன்று. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போய், அது பறந்த காலத்துப் பச்சையையும் மண்நிறத்தையும் கண்டுபிடித்தார்கள். அந்த நாள் அப்பா வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய இனிப்பு வாங்கி வந்தார்.

விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி லுஜைனின் பங்கு. பாலைப்போல மங்கிக் கிடந்ததை, குளிர்காலம் முழுவதும் மெருகுப் பசை தடவித் தடவித் தேய்த்தாள். இப்போது அதில் அவள் முகம் தெரியும். பல் விழுந்த இடம்கூடத் தெரியும்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. விமானத்தின் வயிற்றில் தட்டு அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அப்பா அதைத் தட்டி நிமிர்த்தப் போனபோது அஸ்மி பாஷா தடுத்துவிட்டார். "அது அதோட வாழ்க்கையில பட்ட அடி. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அருங்காட்சியகத்தின் தலைவர் அவர். இளம் வயதில் இதே ஹண்டரை ஓட்டியவர். பெரிய ராணுவ அதிகாரி என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் பாஷா. எழுபதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் இஸ்திரி போட்ட சட்டைபோல நிமிர்ந்து நடப்பார்.

அப்படித்தான் இப்போதும் நடந்து வந்தார்.

"அபூ லுஜைன்!"

மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அங்கே அப்பாக்களைக் கூப்பிடுவார்கள். லுஜைனின் அப்பா! பாஷா தன் கனத்த குரலில் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் லுஜைன் தன்னையறியாமல் நிமிர்ந்து நிற்பாள்.

"சொல்லுங்க பாஷா" என்று அப்பா ஏணியிலிருந்து இறங்கினார்.

"வியாழக்கிழமை திறப்பு விழா. என்கூடப் பறந்தவங்க எல்லாம் வர்றாங்க. கோல் ஊணிக்கிட்டு வர்றாங்க. அவங்க பாக்கப்போறது விமானமா, கோழிக்கூண்டா?"

"நீங்க வாங்கின ஆந்தை பொம்மையை வெச்சுப் பாத்தோம் பாஷா."

மூன்று பேரும் ஆந்தையைப் பார்த்தார்கள். அதன் தலைமேல் ஒரு புறா கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

பாஷாவின் மீசை துடித்தது. "எச்சத்துல அமிலம் இருக்கு. முதல்ல பெயின்ட்டைத் தின்னும். அப்புறம் அலுமினியத்தைத் தின்னும். அதை நான் வேடிக்கை பாக்க முடியாது. இது உன் மச்சானோட புறாதானே?"

"ஆமாம் பாஷா" என்றார் அப்பா மெதுவாக.

"அவன்கிட்ட சொல்லு. புதன்கிழமை சாயங்காலம் நான் வந்து பாப்பேன். ஒரு புறா உக்காந்திருந்தாலும் நகராட்சிக்கு ஃபோன் பண்ணுவேன். மொட்டைமாடிக் கூண்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போவாங்க."

லுஜைன் முற்றத்துச் சுவருக்கு அப்பால் அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடிக் கூண்டு அவள் வீட்டு மொட்டைமாடிக் கூண்டு.

*

அன்றைக்கு வீட்டில் மக்லூபா. அம்மா பானையைத் தாம்பாளத்தில் கவிழ்த்து, சோறும் கத்தரிக்காயும் கோழியும் கோபுரமாக நிற்கும்படி எடுத்தாள். வழக்கமாக அப்போது எல்லோரும் கைதட்டுவார்கள். இன்றைக்கு யாரும் தட்டவில்லை.

நாயெஃப் மாமா அம்மாவின் தம்பி. காலையில் ரொட்டிக்கடையில் வேலை. சாயங்காலம் புறா. மற்ற நேரத்தில் புறாவைப் பற்றிப் பேச்சு.

"என் புறா அங்க உக்காராது மச்சான். அதுங்க வளர்ப்பு அப்படி" என்றார் மாமா.

"அப்ப நான் சாயங்காலம் முழுக்கத் துடைச்சது என்ன? தயிரா?"

"சாப்பிடற இடத்துல!" என்றாள் அம்மா.

"இல்லக்கா, நீயே கேளு. போன மாசம் வரைக்கும் ஒரு புறாவாவது அந்த முற்றத்துல இறங்கிச்சா? சத்தியமா சொல்றேன், இறங்கவே இல்ல."

அப்பா சிரித்தார். "புறாக்காரன் சத்தியம்! அதைக் கோர்ட்டுல கூட ஏத்துக்க மாட்டாங்கன்னு ஊரே சொல்லும். பக்கத்துத் தெருக்காரன் புறாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, முட்டையிலேருந்து நான்தான் வளத்தேன்னு சொன்னவன்தானே நீ?"

"அது வேற கதை" என்றார் மாமா.

"அந்தப் புறாவோட கால்ல அவன் பேரு எழுதின வளையம் இருந்துச்சு!"

அம்மாவே சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"கொஞ்ச நாளைக்குக் கூண்டைப் பூட்டி வையேன்" என்றாள் அம்மா.

"எத்தனை நாளைக்குக்கா? விமானம் அங்கேயேதானே நிக்கப்போகுது? பறக்காத புறாவுக்கும் தட்டுல இருக்கிற இந்தக் கோழிக்கும் என்ன வித்தியாசம்?" மாமா கையைக் கழுவ எழுந்தார். "நகராட்சிக்காரன் வந்து பிரிக்கிறதுக்கு முன்னாடி நானே வெள்ளிக்கிழமைச் சந்தையில வித்துடறேன்."

"வித்தா திரும்பி வந்துடுமே மாமா" என்றாள் லுஜைன். புறாக்கள் அப்படித்தான். எங்கே விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும்.

"வராது. வாங்கறவன் இறக்கையை வெட்டிடுவான்."

லுஜைன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு ஸுக்கர் ஞாபகம் வந்தது. ஸுக்கர் முழு வெள்ளைப் புறா. லுஜைன் உள்ளங்கையில் கோதுமை வைத்தால், கையில் மூக்குப் படாமல் நாசூக்காக எடுத்துத் தின்னும்.

படுக்கையில் புரண்டுகொண்டே அவள் யோசித்தாள். குளிர்காலம் முழுவதும் அந்த முற்றத்தில்தான் உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்தாள். தலையிலோ கண்ணாடியிலோ ஒரு எச்சமாவது விழுந்ததா? இல்லை.

மாமா இந்தத் தடவை உண்மைதான் சொல்கிறார்.

அப்படியானால் போன மாதம் என்ன மாறியது?

*

மறுநாள் சாயங்காலம் லுஜைன் மாமாவோடு மொட்டைமாடியில் இருந்தாள். மேற்கிலிருந்து காற்று வந்தது. கோடைக்காலத்தில் அந்த நேரத்துக்குத் தவறாமல் வரும் காற்று அது.

மாமா கூண்டைத் திறந்தார். புறாக்கள் படபடவென்று மேலே போயின. மாமா நீளமான கம்பை எடுத்தார். அதன் நுனியில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தது. அதை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

கறுப்புத் துணி ஆடினால் இறங்கக் கூடாது. குஞ்சாக இருக்கும்போதே மாமா கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். துணி ஆடும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பைக் கீழே போட்டு, ஸுக்கரைக் கையில் தூக்கிக் காட்டி, விசில் அடித்தால் இறங்க வேண்டும்.

மாமா கம்பைக் கீழே போட்டார். ஸுக்கரைத் தூக்கினார். விசில் அடித்தார்.

புறாக்கள் இறங்கவில்லை.

மறுபடி விசில் அடித்தார். கூட்டம் கூண்டுக்கு நேராக வந்தது. பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு விலகிப் போயிற்று.

"என்னடா ஆச்சு உங்களுக்கு? நான்தான்டா நாயெஃப்!"

மூன்றாவது சுற்றிலும் இறங்கவில்லை. மாமா தலையில் கை வைத்தார். "போச்சு. இதுங்களுக்கே என்மேல நம்பிக்கை போயிடுச்சு."

அப்போது லுஜைனின் காதுக்குப் பக்கத்தில் பட் பட் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். துணிக்கொடியில் வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று நீளமாக ஒரு துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, அங்க பாருங்க."

"யாரு கொடியில கறுப்புத் துணி போட்டது?" என்று மாமா கத்தினார். "அக்கா!"

அம்மா படியேறி வந்தாள். "ஏன் கத்தற? தண்ணித் தொட்டிக்கு மூடி தைக்கலாம்னு துவைச்சுப் போட்டேன். நல்ல கெட்டித் துணி. மூணு தடவை துவைச்சும் கரி போகல."

மாமா அதை உருவி எடுத்துச் சுருட்டினார். அவர் சுருட்டி முடிப்பதற்குள் புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலக் கூண்டுக்குள் நடந்து போயின.

லுஜைன் அந்தத் துணியைக் கையில் வாங்கினாள். அது நீளமான பை. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல்.

"அம்மா, இது எங்கேருந்து வந்துச்சு?"

"உங்கப்பா கொண்டாந்தாரு. அந்தக் கம்பத்துல தொங்கிச்சே, கிழிசல், அதுதான். விழா வருதுன்னு போன மாசம் இறக்கிட்டாங்களாம்."

போன மாதம்!

லுஜைன் கைப்பிடிச் சுவருக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். கீழே அருங்காட்சியக முற்றம். நடுவில் ஹண்டர். ஹண்டருக்குப் பக்கத்தில் உயரமான கம்பம். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று விமானிகளுக்குக் காட்டும் காற்றுப்பை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறம். வருடக்கணக்காக விமானப் புகை பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது.

இப்போது கம்பம் மொட்டையாக இருந்தது. மாமாவின் விசிலை மதிக்காத ஒரே ஒரு புறா அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

*

"அப்போ இத்தனை நாளா புறாவை விரட்டினது நம்ம கிழிஞ்ச காற்றுப்பையா?" என்றார் அப்பா. அவருக்கு நம்ப முடியவில்லை. ஆனால் காலையில் முதல் வேலையாக லுஜைனைப் பாஷாவின் அறைக்குக் கூட்டிப் போனார்.

பாஷா முழுவதும் கேட்டார். ஏலக்காய்க் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"காற்றுப்பைதானே வேணும்? புதுசு வந்தாச்சு. விழாவுக்குன்னு வெளிநாட்டிலேருந்து வரவழைச்சேன்."

பெட்டியிலிருந்து எடுத்தார்கள். பளீரென்ற ஆரஞ்சு. நடுநடுவே வெள்ளை வளையம். கம்பத்தில் ஏற்றியதும் காற்றை விழுங்கி, கொழுத்த வெள்ளரிக்காய்போல விறைத்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாமா புறாக்களைப் பறக்கவிட்டார். அவை மூன்று சுற்றுச் சுற்றின. புதுக் காற்றுப்பையைத் தாண்டி வந்து, ஹண்டரின் இறக்கையில் வரிசையாக உட்கார்ந்தன.

பாஷா திட்டவில்லை. "நாளைக்குப் புதன்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தாலே தேவலை என்று லுஜைனுக்குத் தோன்றியது.

அப்பா மறுபடி ஏணியை எடுத்தார். "பரவாயில்லம்மா. நல்லாத்தான் யோசிச்சே."

லுஜைன் போகவில்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். இதுவும் காற்றுப்பை. அதுவும் காற்றுப்பை. பிறகு என்ன வித்தியாசம்?

இது ஆரஞ்சு. அது கறுப்பு.

இது சத்தம் போடாமல் விறைத்து நிற்கிறது. அது கிழிந்திருந்ததால் காற்று நிற்காமல் பட் பட் என்று அடித்துக்கொண்டது. மாமாவின் கம்பில் இருக்கும் துணியைப்போலவே.

புறாக்களுக்குக் காற்றுப்பை என்றால் என்னவென்று தெரியாது. கறுப்புத் துணி என்றால் தெரியும்.

வீட்டுக்கு ஓடினாள். அம்மா கையில் கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்தத் துணி விரித்திருந்தது.

"வெட்டாதம்மா!"

*

புதன்கிழமை காலை பாஷாவின் மேசைமேல் அந்தப் பழைய காற்றுப்பை கிடந்தது. அம்மா ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்திருந்தாள். கிழிசலை விட்டுவிட்டாள். லுஜைன் விடச் சொல்லியிருந்தாள்.

பாஷா அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "விழா அன்னிக்கு இந்தக் கந்தலை என் ஹண்டருக்குப் பக்கத்துல தொங்கவிடணுமா? என் நண்பர்கள் எல்லாம் பாக்க?"

அப்பா லுஜைனின் தோளைத் தொட்டார். போய்விடலாம் என்று அர்த்தம். லுஜைனுக்கும் போய்விடத்தான் தோன்றியது. ஆனால் ஸுக்கரின் இறக்கை கண் முன்னால் வந்தது.

"பாஷா, ஹண்டரோட வயித்துல ஒரு நசுங்கல் இருக்கே?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதைச் சரி பண்ண வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? அது அதோட வாழ்க்கைன்னு." அவள் மேசைமேல் கிடந்த பையைக் காட்டினாள். "இதுவும் இந்தத் தளத்துல இருந்ததுதானே? வெயில்லயும் புகையிலயும் நின்னுதானே இப்படி ஆச்சு? ஹண்டர் பழசா இருந்தா பெருமை. இது பழசா இருந்தா மட்டும் கந்தலா?"

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஷா காற்றுப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். இந்தத் தடவை ஒரு விரலால் இல்லை.

"தரையிறங்கும்போது நாங்க முதல்ல தேடறது இதைத்தான்" என்றார். "ஓடுபாதையைக் கூட அப்புறம்தான் பாப்போம். எத்தனையோ பை கிழிஞ்சு கிழிஞ்சு மாத்தியாச்சு. இந்தத் தளத்துல கடைசியா தொங்கினது இதுதான். நான்தான் இறக்கச் சொன்னேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "அபூ லுஜைன், உன் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி."

"ஆமாம் பாஷா" என்றார் அப்பா. அவர் குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

"ஏத்து."

அன்று சாயங்காலம் கறுத்த காற்றுப்பை மறுபடி கம்பத்தில் பட் பட் என்று அடித்துக்கொண்டது. புறாக்கள் வந்தன. ஹண்டருக்கு மேலே வந்ததும் ஒரே சமயத்தில் சாய்ந்து திரும்பின. இன்னொரு தடவை வந்தன. மறுபடி திரும்பின. ஒன்றுகூட இறங்கவில்லை. மாமா விசில் அடித்ததும் நேராக வீட்டுக்குப் போயின.

பாஷா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "திரும்பற அழகைப் பாரு. நாங்க நாலு விமானம் சேர்ந்து இப்படித்தான் திரும்புவோம்" என்றார். பிறகு மொட்டைமாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ நாயெஃப்! நாளைக்கு விழாவுல தேசிய கீதம் முடிஞ்சதும் பறக்க விடு!"

"உத்தரவு பாஷா!" என்று மாமா மேலேயிருந்து சல்யூட் அடித்தார். கையில் புறா இருந்ததால் அதுவும் சேர்ந்து சல்யூட் அடித்தது.

*

வியாழக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. பழைய விமானிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கோட்டு, சிலர் தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. ராணுவ இசைக்குழு தோல்பைக் குழல்களை ஊதியது. ஹண்டர் சாயங்கால வெயிலில் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல நின்றது. அப்பா கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அதை அடிக்கடி தளர்த்திக்கொண்டார்.

கீதம் முடிந்தது. மொட்டைமாடியில் கம்பு ஆடியது. புறாக்கள் எழும்பின. கூட்டம் ஆவென்று அண்ணாந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றுவிட்டது.

எல்லோருக்கும் முன்னால் லுஜைன்தான் கவனித்தாள். காற்றுப்பை ஒரு தடவை அசைந்தது. பிறகு துவைத்துப் போட்ட காலுறைபோலத் தொங்கியது.

புறாக்கள் தாழ வந்தன. மாமா கம்பைக் கீழே போட்டுவிட்டு விசில் அடித்தார். கன்னம் உப்ப உப்ப அடித்தார். ஆனால் இசைக்குழு அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தது. அத்தனை குழல்களுக்கு நடுவில் மாமாவின் விசில் யாருக்குக் கேட்கும்?

இன்னும் தாழ வந்தன. முதல் புறா ஹண்டரின் வாலைப் பார்த்துக் காலை நீட்டிவிட்டது.

லுஜைன் ஓடினாள். நாற்காலிகளுக்கு நடுவே, யாருடைய கோலையோ தாண்டி, கம்பத்துக்குப் போனாள். கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஆட்டினாள். மேலே துணி லேசாக அசைந்தது. போதவில்லை. அவள் எடைக்கு அவ்வளவுதான் அசையும்.

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. பதக்கங்கள் கிணுகிணுவென்று உரசும் சத்தம்.

"தள்ளிக்கோ" என்றார் பாஷா.

அவர் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார். விட்டார். இழுத்தார். மேலே பட் என்றது. அதைப் பார்த்த இசைக்குழு வாசிப்பதையே மறந்தது.

"பாஷா!" மொட்டைமாடியிலிருந்து மாமா கத்தினார். "இன்னும் வேகமா! கையை உசத்துங்க! சோம்பேறி மாதிரி ஆட்டாதீங்க!"

பாஷாவிடம் அப்படிப் பேசியவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் பாஷா கையை உசத்தினார். கீழே லுஜைன், மேலே பாஷா, இரண்டு பேரும் ஒரே கயிற்றை ஆட்டினார்கள். பட் பட் பட்!

காலை நீட்டிய புறா வாலைத் தொடாமலே எழும்பியது. மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் எழும்பி, ஹண்டருக்கு மேலே சாய்ந்து, வெயிலில் வெள்ளையாக ஒரு மின்னு மின்னி, வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டது.

முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அஸ்மி! எப்பலேருந்து புறாக்காரன் ஆனே?"

"இன்னிலேருந்து" என்றார் பாஷா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்போ இனிமே உன் சாட்சியைக் கோர்ட்டுல ஏத்துக்க மாட்டாங்க!"

முன்வரிசை முழுவதும் கோலைத் தட்டிச் சிரித்தது.

அதே கிழவர் பிறகு எழுந்து ஹண்டரிடம் போனார். அதன் வயிற்றைத் தடவினார். அந்த நசுங்கல் வந்ததும் கை நின்றது. "இங்கேயேதான் இருக்கியா?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டார். அப்புறம் ஏணியில் இரண்டு படி ஏறி, கண்ணாடி மூடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"நாங்க ஓட்டின காலத்துல கூட இது இவ்வளவு பளபளன்னு இருந்ததில்ல. யாரு தேய்ச்சது?"

அப்பா கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டார். "என்னை அபூ லுஜைன்னு கூப்பிடுவாங்க ஐயா" என்றார். "அந்த லுஜைன் இவதான்."

*

நகராட்சிக்கு ஃபோன் போகவில்லை. மொட்டைமாடிக்கு ஒரு பெட்டிதான் வந்தது. உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்த புது ஆரஞ்சுக் காற்றுப்பை. தண்ணீர்த் தொட்டிக்கு, பாஷாவின் அன்போடு. அம்மா அன்றைக்கே வெட்டித் தைத்து மாட்டிவிட்டாள். அந்தத் தெருவில் வேறு யாருடைய தொட்டிக்கும் அப்படி ஒரு சட்டை கிடையாது.

அடுத்த வாரம் லுஜைன் அருங்காட்சியகத்துக்குப் போனபோது கம்பத்தடியில் ஒரு பித்தளைப் பலகை புதிதாக இருந்தது. அங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரு பலகை உண்டு. ஹண்டருக்கு உண்டு. பழைய தலைக்கவசத்துக்கு உண்டு. உடைந்த திசைகாட்டிக்கும் உண்டு. ஒவ்வொன்றிலும் முதலில் பெயர் இருக்கும். கடைசி வரியில், பணியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் இருக்கும்.

லுஜைன் குனிந்து படித்தாள். பெயர் இருந்தது. காற்றுப்பை. இந்தத் தளத்தில் கடைசியாகத் தொங்கியது என்றும் இருந்தது.

கடைசி வரியில் வருடம் இல்லை. அதற்குப் பதிலாக, 'இன்னும் பணியில் இருக்கிறது' என்று எழுதியிருந்தது.